பனை உச்சியைப் பார்த்த ஹெட்லைட்

என் வாழ்நாளில் மூன்று பேரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். மூன்று பேரையும் ஒரே சாயங்காலத்தில், ஒரே இடத்தில், வாயைத் திறக்காமலேயே காட்டிக்கொடுத்தேன். ஒருத்தர் எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் தாய்மாமா. இன்னொருத்தர் சர்க்கார் அதிகாரி. மூன்றாவது ஆள், பாவம், பனைமரத்தின் மேல் இருந்தான். மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் வைத்துக்கொண்டு நான் இதைச் செய்யவில்லை. எனக்கு எலெக்ட்ரிக் வேலை தெரியும் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம். எனக்கு வயது இருபத்து மூன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். தோணியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிச் சீட்டு எழுத வேண்டும். மூட்டை வராத நேரத்தில், மோட்டார் மின்சாரம் பற்றி ஆபீஸ் அலமாரியில் கிடந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் படிப்பேன். பாதி புரியும். மீதியை நானே யூகித்துக்கொள்வேன். (யூகித்த பாதிதான் பின்னால் வேலையைக் காட்டியது.)

சின்னத்துரை மாமா கருப்பட்டி வியாபாரி. தூத்துக்குடியில் வீடும், அதையொட்டிச் சரக்கு வைக்கிற கிட்டங்கியும். குலசேகரன்பட்டினம் (எங்களுக்குக் குலசை) பக்கம், செம்மணல் குன்றுகளான தேரி ஓரமாக ஒரு பனை விளை, அதாவது பனந்தோப்பு. அவருக்கு ஒரே மகள் செல்வமணி. எனக்கு முறைப்பெண். முறை இருந்தால் போதுமா, மாமா மனசு வைக்க வேண்டாமா? அவருக்குப் பேனா பிடிக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது.

"ஏலே முத்து, உனக்குக் கைவேலைன்னு ஒண்ணு தெரியுமால? மூட்டை எண்ண எங்க கிட்டங்கியில ஏழு பேரு இருக்கான். எட்டாவது ஆளுக்கா நான் பொண்ணு குடுக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டார். செல்வமணி கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க காருக்கு லைட்டு மாத்தித் தாரேன் மாமா. பளிச்சுன்னு, பகல் மாதிரி," என்றேன்.

மாமாவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது என் பேரன் அந்த மாதிரிக் காரைப் படத்தில் பார்த்து, "கிளாசிக் கார் தாத்தா!" என்று வாயைப் பிளக்கிறான். நாங்கள் அதைக் கருப்பட்டி டப்பா என்றுதான் சொல்வோம். துணிக் கூரை, வெளியே ரப்பர் பந்து வைத்த ஹாரன், பக்கவாட்டில் ஏறி நிற்க நீளப் பலகை. சண்டைக் காலத்தில் கடலோர ஊர்களில் விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று ஹெட்லைட்டில் பாதிக்கு மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சண்டை முடிந்து நாலு வருஷமாகியும் மாமா அதைச் சுரண்டவில்லை. கேட்டால், "இன்னொரு சண்டை வராதுன்னு நீ எழுதித் தாரியால?" என்பார். இருட்டிய பிறகு அந்தக் காரின் முன்னால் போகிற மாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

"செய்யி. ஒழுங்காச் செஞ்சேன்னா வார தை மாசம் கல்யாணம். சொதப்புனேன்னா இந்த வாசப்படியை மிதிக்கக்கூடாது," என்றார் மாமா. அப்படித்தான் என் கல்யாணம் இரண்டு விளக்குகளில் போய் மாட்டிக்கொண்டது.

காயலான் கடையில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த விளக்குகள் குவிந்து கிடந்தன. அதில் இருப்பதிலேயே பெரிய ஜோடியைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றும் பருப்புச் சட்டி அளவு. கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மார்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்), "தம்பி, இது ராத்திரியில ஆகாசத்துல ஏரோப்ளேன் தேடுன லைட்டு," என்றார். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கிட்டங்கிக்கு வந்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரிடமும், "இந்த வெளிச்சத்தை அடிச்சா பனை உச்சியில இருக்க ஓணானுக்கு மீசை இருக்கா இல்லையான்னு சொல்லிரலாம்," என்று பீற்றிக்கொண்டேன். வண்டிக்காரர்கள் அந்தச் செய்தியைத் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் அது நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

காரில் இருந்தது ஆறு வோல்ட் பேட்டரி. விளக்குக்குப் பன்னிரண்டு வேண்டும். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டு, இன்னும் ஒரு பேட்டரி வாங்கி, இரண்டையும் பின்சீட்டுக்கு அடியில் வைத்துக் கம்பி இழுத்தேன். கணக்கு சரிதான். ஆனால் டாஷ்போர்டில் இருந்த கிழட்டு ஸ்விட்சை மாற்ற வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அது எனக்குப் புரியாத பாதி.

கிட்டங்கி முற்றத்தில் காரை நிறுத்தி, எதிர்ச் சுவரில் கரியால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்கு மேலே போகாமல் விளக்கைத் திருகித் திருகி நிலைநிறுத்தினேன். அணு பிசகவில்லை. செல்வமணி காப்பி கொண்டுவந்தாள். தரையைப் பார்த்தாள்.

"இந்த நட்டு எதுக்கு மிச்சம் கெடக்கு?"

"அது எக்ஸ்ட்ரா."

"எக்ஸ்ட்ராவா நாலு இருக்கே?"

அந்த நாலு நட்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மின்சாரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் அடக்கமாகக் கேட்டுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

வெள்ளோட்டத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வாய்த்தது. அன்றைக்கு மாமாவுக்கு இரண்டு வேலை. ஒன்று, விளையைக் காட்ட ஒரு அதிகாரியை அழைத்துப் போக வேண்டும். மதுவிலக்கு வந்த புதிது. பனையேறி பதநீர் இறக்கலாம், கள் இறக்கக்கூடாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே கலயத்துக்குள் எட்டிப்பார்க்க ஒரு அதிகாரி, அவருக்கு ஒரு ப்யூன். அவர் முகம் கோணினால் விளையில் அரிவாள் ஏறாது.

இன்னொரு வேலை அத்தையுடையது. மாமா வாரா வாரம் செவ்வாயும் வெள்ளியும் விளைக்குப் போய்வருவார். வந்ததும், "தலை சுத்துது" என்று படுத்துவிடுவார். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தலைசுற்றல். எத்தனையோ வைத்தியர் பார்த்தாகிவிட்டது. அத்தை அதற்காகவே செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தாள். கடைசியில் குலசை அம்மனுக்கு வெள்ளியில் ஒரு தலை செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். அந்த வெள்ளித் தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை பின்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் செல்வமணி. அதிகாரி முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில். எனக்கு இடமில்லை, வெளிப் பலகையில் தொற்றிக்கொண்டேன். (என்ஜினியர் என்று வேறு நினைப்பு. மாட்டு வண்டிக்குப் பின்னால் தொங்குகிற பையன் மாதிரி முப்பது மைல்.)

விளையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பனையேறி தங்கையா ஒவ்வொரு கலயமாகக் காட்டினான். உள்ளே வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு. அதிகாரிக்குப் பரம திருப்தி. "உங்க விளைதான் மத்தவங்களுக்கு எடுத்துக்காட்டு," என்று மாமாவிடம் சொன்னார். மாமா அடக்கமாகச் சிரித்தார். பிறகு கோவில். அம்மன் சந்நிதியில் அத்தை வெள்ளித் தலையை வைத்துவிட்டுக் கண்ணீர் விட்டதை நான் பார்த்தேன். மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மாமா வெறும் வண்டியாக வருவாரா? பின்னால் கால் வைக்கிற இடம், சீட்டின் மேல், வண்டியின் முதுகு என்று குலசையில் வாங்கிய எட்டு ஓலைச் சிப்பம் கருப்பட்டியை ஏற்றினார். பின்பாரம் தாங்காமல் வண்டி குந்திவிட்டது, மூக்கு மேலே போய்விட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சுவரில் கோடு போட்டுத் திருகினேனே, அது காலி வண்டியில் வைத்து அல்லவா? ஆள் ஏறி, பாரம் ஏறி வண்டி குந்தினால் வெளிச்சம் எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

விளை ஓரத்து மணல் பாதையில் வரும்போது பொழுது விழுந்துவிட்டது. ஒரு ஏற்றத்தில் பின்சக்கரம் புதைந்தது. என்ஜின் இரண்டு இருமல் இருமி நின்றது. சுற்றிலும் நிசப்தம்.

"ஏலே, லைட்டைப் போடு. பாதை எங்கன போவுதுன்னு பாப்போம்," என்றார் மாமா.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! பலகையில் நின்றபடி கையை உள்ளே விட்டு, பின்சீட்டில் செல்வமணி பார்க்கிறாளா என்று ஒரு தரம் உறுதி செய்துகொண்டு, ஸ்விட்சைத் திருகினேன்.

பாதையில் ஒரு பொட்டு வெளிச்சம் விழவில்லை. இரண்டு விளக்கும் சேர்ந்து உடைமரங்களுக்கு மேலே ஏறி, எதிரே இருந்த ஒற்றைப் பனையின் உச்சியைப் பிடித்தன. ஒவ்வொரு ஓலையும் தெரிந்தது. ஓலைகளுக்கு நடுவே, கையில் கலயத்தோடு தங்கையா தெரிந்தான். காக்கா பொய் சொல்லவில்லை என்று என் மனசு ஒரு கணம் குளிர்ந்தது.

"ஐயா! சுட்டுராதீய!" என்று மேலேயிருந்து ஒரு அலறல். "நான் புள்ளகுட்டிக்காரன்யா!"

நான் பீற்றிக்கொண்டது தேரிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, 'கள்ளைக் கண்டுபிடிக்கச் சர்க்கார் பட்டாளத்து லைட்டு வாங்கியிருக்கு' என்று ஆகியிருந்தது. கண்ணைக் கூசுகிற வெளிச்சத்தில் அவனுக்குக் காரும் தெரியவில்லை, நாங்களும் தெரியவில்லை. மதியமே நாங்கள் ஊருக்குப் போய்விட்டதாக நினைத்திருக்கிறான்.

அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று குரலைக் கனமாக்கிக்கொண்டார். "அந்தக் கலயத்துல சுண்ணாம்பு இருக்கா?"

"இல்லய்யா! இந்த ஒத்த மரம் மட்டுந்தான்யா. மத்ததெல்லாம் சுத்தம்யா!"

"யாருக்கு இறக்குத?"

மாமா சட்டென்று ஹாரன் பந்தை அமுக்கினார். பாம்! தங்கையா மரியாதை தெரிந்தவன். சத்தம் ஓயும்வரை காத்திருந்தான். பிறகு தெளிவாகச் சொன்னான்.

"மொதலாளி அண்ணாச்சிக்குத்தான்யா!"

பாம்! பாம்!

"செவ்வாயும் வெள்ளியும் வருவாவ. ரெண்டு கலயம் குடிப்பாவ."

பாம்!

"குடிச்சிட்டு இந்த மரத்தடியிலதான் படுப்பாவ. ஊருக்குப் போவையில தலை சுத்துதும்பாவ. நான்தான்யா கார்ல ஏத்திவிடுவேன்!"

மாமாவின் கை ஹாரனிலிருந்து தானாகவே விழுந்தது. பின்சீட்டில் அத்தை, வெள்ளித் தலை இருந்த மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தை அழுதிருந்தால்கூட எனக்குப் பயமாக இருந்திருக்காது. செல்வமணி என்னைப் பார்த்தாள். தை மாசம் என்னை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருப்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது. விளக்கை அணைத்துத் தொலைக்கலாம் என்று ஸ்விட்சைத் தொட்டேன். அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரிச் சுட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு திருகினேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. விளக்கு அசையாமல் எரிந்தது.

அதிகாரி அதோடு விட்டிருக்கலாம். எடுத்துக்காட்டு விளை அகப்பட்ட சந்தோஷத்தில் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேற யாருக்குல?" என்று கேட்டார்.

"வேறன்னா, புதுசா வந்திருக்க அதிகாரி ஐயாவுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு கலயம்யா! ப்யூன் வந்து வாங்கிட்டுப் போவாரு. அந்த ஐயாவுக்கு நல்லாப் புளிச்சிருக்கணுமாம்!"

ப்யூன் தன் பேரைச் சொல்லாமல்தான் வாங்குகிறான் என்று அதுவரை நம்பியிருந்த அதிகாரி, "லைட்டை அணை!" என்று கத்தினார். "ஏய், லைட்டை அணைங்கிறேன்!"

"வரமாட்டேங்குது சார்!" என்று நான் கத்தினேன்.

"போன வாரம் புளிப்பு பத்தலேன்னு திருப்பி அனுப்பிட்டாரு!" என்று தங்கையா கத்தினான்.

பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்ட கம்பியையெல்லாம் பிடுங்கினேன். விரல் பொசுங்கியது. ஒரு பொறி பறந்தது. கும்மிருட்டு. மேலேயிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு மணலில் ஓடுகிற காலடிச் சத்தம். அவ்வளவு உயரத்திலிருந்து அவன் எப்படி அத்தனை சீக்கிரம் இறங்கினான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

இருட்டில் அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"வெளிச்சம் பத்தல. எனக்கு ஒண்ணுமே சரியாத் தெரியல," என்றார்.

"எனக்கும்," என்றார் மாமா.

"எனக்கு நல்லாத் தெரிஞ்சுது," என்றாள் அத்தை.

அதிகாரி காற்றாட நடந்து போவதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டார். சிப்பங்களை இறக்கி, ஓலை வெட்டிப்போட்டு, என்ஜினுக்குப் போகிற கம்பியை மட்டும் திரும்பச் சுற்றி, வண்டியை மேட்டில் ஏற்றினோம். விளக்கு? பதநீர் காய்ச்சுகிற குடிசையிலிருந்து ஒரு அரிக்கேன் லாந்தர் வாங்கி என் கையில் கொடுத்தார் மாமா. இரவு தங்கப் போன உடன்குடி வரைக்கும் நான் முன்னால் லாந்தரோடு நடக்க, கார் பின்னால் ஊர்ந்து வந்தது. ஹெட்லைட்டை மாற்றக் கிளம்பியவன், கடைசியில் நானே ஹெட்லைட் ஆனேன். கை வலித்து லாந்தரைச் சற்று உயர்த்தியபோது, பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஏலே, கீழ பிடி. மேல காட்டுனது போதும்."

மறுநாள் தூத்துக்குடியில், கிட்டங்கி வாசலிலேயே தீர்ப்பு. படி ஏறப் போனவனை மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கனயே நில்லு. என் மானத்தை வாங்கினவனுக்கா என் பொண்ணு? கல்யாணப் பேச்சே கிடையாது. போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இருபத்து மூன்று வயதில் நடுத்தெருவில் நின்று அழுதேன். மூட்டை எண்ணுகிற வேலையோடு நிறுத்தியிருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

"ஏலே முத்து, நில்லு," என்று அத்தையின் குரல். உள்ளேயிருந்து வந்து மாமாவுக்கு எதிரே நின்றாள். "மானத்தை வாங்குனது அவன் இல்ல, கலயம். பன்னெண்டு வருசம் செவ்வாயும் வெள்ளியும் பச்சைத்தண்ணி பல்லுல படாம கெடந்தேன். நீங்க மரத்தடியில படுத்துக் கெடந்திருக்கீய. அம்மனுக்கு வெள்ளியில தலை குடுத்தேனே, அந்த ஆத்தா என்னைப் பாத்துச் சிரிச்சிருக்க மாட்டாளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இவன் காட்டுன வெளிச்சத்துலதான் எம் புருசனையே நான் பாத்தேன். பொண்ணு இவனுக்குத்தான்."

மாமா படியை விட்டு விலகி நின்றார்.

"ஏளா செல்வமணி, உனக்குச் சம்மதமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "சம்மதந்தான். ஆனா எலெக்ட்ரிக் வேலை எதையும் இவுக கையால தொடக்கூடாது."

தை மாசம் கல்யாணம் நடந்தது. தங்கையா பனங்கிழங்குக் கட்டோடு வந்து, "அந்த லைட்டைக் காட்டுங்க தம்பி, பகல்ல பாக்கணும்," என்று கேட்டான். அத்தை மாமாவுக்கு விதித்த தண்டனை ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பன்னிரண்டு வருஷம் செவ்வாயும் வெள்ளியும் விரதம் அவருக்கு. மாமா முனகிக்கொண்டே இருந்து முடித்தார். தலைசுற்றல் அதற்குப் பிறகு வரவில்லை. நான் இந்த வயதுவரை என் வீட்டில் ஒரு பல்ப்கூட மாட்டியதில்லை. செல்வமணிதான் முக்காலி போட்டு ஏறுவாள்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அத்தை அதன்பிறகு பேசியதே இல்லை. மாமாவுக்கு எண்பது தாண்டி, பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். இளவயது டாக்டர் ஒருவர் வந்து, இமையை விரித்துக் கண்ணுக்குள் டார்ச் அடித்தார்.

"ஏலே, கீழ பிடி," என்றார் மாமா.

செல்வமணி அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் விழித்தார். அப்போதுதான், கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அத்தை நாற்பது வருஷம் கழித்து வாயைத் திறந்தாள். காயலான் கடையிலிருந்து பனை உச்சி வரைக்கும் எதையும் விடாமல், ஹாரன் சத்தத்தோடு சேர்த்து, டாக்டருக்குச் சொன்னாள். நர்சுகள்கூட வந்து நின்று கேட்டார்கள். "ரெண்டு கலயம் குடிப்பாவன்னு அவன் மேலேருந்து சொல்லுதான்..." என்று அத்தை சொன்னபோது, மாமா கண்ணைத் திறக்காமலேயே உதட்டை அசைத்தார்.

"ஒண்ணரைதான்."

அறையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. மாமாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சரி, ஒண்ணரை," என்றாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை எது வந்தாலும், விட்டுக்கொடுக்க மனசு வந்தவர் சொல்ல வேண்டியது அதுதான். நேற்றுக்கூட, அந்த எக்ஸ்ட்ரா நட்டு நாலு இல்லை, மூன்றுதான் என்று நான் சாதித்தபோது, செல்வமணி முக்காலியில் நின்றபடி பல்பைத் திருகிக்கொண்டே, "சரி, ஒண்ணரை," என்றாள்.